நீ என்ன மரம்ல?

என் தங்கச்சி மகனைப் போன வாரம் ஒரு கம்பெனி மரமாக்கிப் பார்த்தது.

நேர்காணல் லேப்டாப் வழியாகத்தான். எங்கள் வீட்டு மாடியில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் என்று இங்கே வந்து உட்கார்ந்தான். இரைச்சல் கேட்கும் என்று ஃபேனை நிறுத்தினான். அக்னி நட்சத்திர நேரம். பிள்ளைக்கு வேலை கிடைக்கட்டும் என்று வீட்டில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: “நீங்கள் ஒரு மரமாக இருந்தால் எந்த மரமாக இருப்பீர்கள்?” நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்த பையனிடம்!

உடன்குடிக்காரன் வேறென்ன சொல்வான்? “பனைமரம்” என்றான். அந்தப் பக்கம் ஒரு “ம்ம்.” அதோடு சரி. இரண்டு நாளில், உங்கள் எதிர்காலம் சிறக்கட்டும் என்று மெயில் வந்துவிட்டது.

“அந்த ம்ம்-க்கு என்னல அர்த்தம்?” என்றேன்.

“தெரியல மாமா. என்னமோ எழுதிக்கிட்டாவ.”

நல்ல நேர்காணல் கேள்வி எது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்த ‘ம்ம்’ கணக்கைத் தீர்த்துவிடுகிறேன்.

அந்த அதிகாரி பனையைப் பற்றித் தெரிந்தவராக இருந்தால் என்ன எழுதியிருப்பார்? முதலில், விதை போட்டுப் பதநீரைக் கண்ணில் காண பதினைந்து இருபது வருஷம் ஆகும். ஆறு மாதம் புரொபேஷன் கொடுக்கிற கம்பெனி இதைத் தாங்குமா? அதுவரை பயல் வடலியாகவே சுற்றிக்கொண்டிருப்பான், மாதம் பிறந்தால் சம்பளம். பூக்கிறவரை ஆண்பனையா பெண்பனையா என்பது அந்தப் பனைக்கே தெரியாது. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டியதுதான். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் வேலை பார்க்கும், மிச்ச மாதங்களில் நிழல்கூடச் சரியாகத் தராமல் நிற்கும். அந்தச் சீசனிலும் தானாக எதையும் இறக்கிக் கொடுக்காது. காலையிலும் சாயங்காலமும் ஒரு ஆள் உச்சிக்கு ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். மேலாளருக்கு முழங்கால் வலி இருந்தால் முடிந்தது கதை. ஏறுகிறவர் கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்தால் வெயில் உறைப்பதற்குள் பதநீர் கள்ளாகிவிடும். அதாவது சரியான மேற்பார்வை இல்லாவிட்டால் பதினோரு மணிக்கே ஆள் புளித்துப்போவான். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை வேறு, கம்பெனி மேல் கேஸ் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பனையை வெட்டுவதென்றால் கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டுத் தூக்குவதற்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்க வேண்டிய ஒருவனை எந்த மனிதவள அதிகாரி எடுப்பார்?

சரி, வேறு மரம் சொல்லியிருக்கலாமே என்கிறாள் என் மனைவி. எந்த மரம்? தென்னை என்றால், நாம் தண்ணீர் ஊற்ற, காய் பக்கத்து வீட்டில் விழும். போட்டிக் கம்பெனிக்குப் போகிற ஆள். முருங்கை என்றால், கொஞ்சம் பாரம் ஏற்றினால் ஒடிந்துவிடும். புளியமரத்தில் பேய் இருக்கும், அதற்கும் சேர்த்துச் சம்பளம் கேட்பான். வாழை என்றால் ஒரே குலை, அதோடு சரி. போகிறபோது சொந்தக்காரப் பயலைப் பக்கத்தில் நட்டுவிட்டுப் போவான். அதோடு வாழை மரமே இல்லை, விண்ணப்பத்தில் பொய். ஆலமரம் என்று சொன்னால், அடியில் யாரையும் தலையெடுக்க விடமாட்டான் என்று புரிந்துகொண்டு நேரே மேலாளர் பதவிக்கு எடுத்துவிடுவார்கள். கம்பெனிகள் நிஜமாகத் தேடுவது சீமைக்கருவேலத்தை. தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, லீவு கேட்காது, வெட்டினாலும் அடுத்த மழைக்குத் தளிர்த்து வேலைக்கு வந்து நிற்கும். வாய்விட்டுச் சொல்லத்தான் அவர்களுக்குக் கூச்சம்.

இந்தக் கிறுக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1921-லேயே எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்கு நீளமான வினாத்தாள் ஒன்று வைத்திருந்தார். ஊர், நாடு, எது எங்கே விளைகிறது என்று பொது அறிவுக் கேள்விகள். அந்த வருஷம் அமெரிக்கா வந்த ஐன்ஸ்டைனிடம் ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் கிடைக்கிறதை நான் தலையில் சுமப்பதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார் மனிதர். ஐன்ஸ்டைன் சொன்னதால் அது மேற்கோள். என் மருமகன் சொல்லியிருந்தால் திமிர்.

சத்யஜித் ராய்க்கும் இந்த எரிச்சல் இருந்திருக்கிறது. ‘பிரதித்வந்தி’ (1970) படத்து நேர்காணலில் கடந்த பத்து வருஷத்தின் பெரிய நிகழ்வு எது என்று கேட்கிறார்கள். பையன் வியட்நாம் போர் என்கிறான். நிலாவில் மனிதன் இறங்கியதைவிடவா என்று மடக்கி, கடைசியில் நீ கம்யூனிஸ்டா என்று முடிக்கிறார்கள். ‘ஜன அரண்ய’ படத்தில் நிலாவின் எடையையே கேட்டுவிடுகிறார்கள். எங்கள் பக்கம் நிலாக் கேள்வி கேட்டாலாவது ஒரு நியாயம் உண்டு. பக்கத்திலேயே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 73-க்குப் பின்னால் 21 பூஜ்யம் போட்டால் கிலோ கணக்கு வந்துவிடும். மருமகனுக்கு அது தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

இதையெல்லாம் கேட்டு முதலாளிகள் என்னதான் தெரிந்துகொள்கிறார்கள்? இப்படிப்பட்ட புதிர்களுக்குப் பேர்போன கூகுளிலேயே மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013-ல் நியூயார்க் டைம்ஸுக்கு உண்மையைக் கக்கிவிட்டார்: புதிர்க் கேள்விகள் நேர விரயம், கேட்கிறவருக்குத் தான் பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வருமே தவிர வேறு பலன் இல்லை. அதே வருஷம் அமெரிக்காவில் ஓர் ஆய்வும் வந்தது. பேட்டி கொடுத்த மாணவர்களில் சிலரைப் பூவா தலையா போட்ட மாதிரி ஆம், இல்லை என்று பதில் சொல்லச் சொன்னார்கள். பேட்டி எடுத்தவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை; ஆளை நன்றாகப் புரிந்துகொண்டதாகவே நினைத்தார்கள். அந்த மாணவர்கள் அடுத்து என்ன மதிப்பெண் எடுப்பார்கள் என்பதைப் பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொன்னபோது கணிப்பு பரவாயில்லாமல் இருந்தது. பேட்டியும் எடுத்துவிட்டுச் சொன்னபோது மோசமானது.

சரக்கைச் சோதிக்க எங்கள் ஊரில் வேறு வழி. 2023-ல் எங்கள் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரில் கருப்பட்டி வாங்குகிறவர் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுப் பார்ப்பார், சீனி கலந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துபோகும். நீ கருப்பட்டியாக இல்லாவிட்டால் வேறு என்னவாக இருந்திருப்பாய் என்று அதனிடம் பேட்டி எடுக்கமாட்டார்.

அதற்காக எங்கள் ஊர்ப் பழைய முதலாளிகளைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. அவர்களிடம் ஒரே கேள்விதான்: “யாரு மவன்ல நீ?” அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி பதுங்கியிருக்கும். அதைக் கேட்காமலே பதில் வாங்கிக்கொள்வார்கள். அது எந்தக் கேள்வி என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்த மரக் கேள்வியும் இங்கிலீஷ் சட்டை போட்ட அதே கேள்விதானோ என்று எனக்குச் சந்தேகம். ஓக், போன்சாய் என்று சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிந்த வீட்டுப் பிள்ளையா, யோசிக்காமல் பனை என்று சொல்கிற பிள்ளையா? அந்த ‘ம்ம்’ அங்கேயிருந்துதான் வந்ததென்று நினைக்கிறேன். நினைக்க நினைக்க ரத்தம் கொதிக்கிறது.

மருமகன் கொதிக்கவில்லை. யூடியூபில் பார்த்துவிட்டு, மூங்கில் என்று சொல்லியிருக்க வேண்டுமாம், வளையும் ஆனால் ஒடியாதாம் என்கிறான். தமிழ்நாட்டில் வேலை தேடுகிற அத்தனை பேரும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார்கள். மூங்கில் புதர்தான் ஆபீஸுக்கு வந்து சேரும்.

அந்த நல்ல கேள்விக்கு வருகிறேன். வருவதற்குள் இவன் மறுபடியும் லேப்டாப்போடு மாடி ஏறிவிட்டான். வேறு கம்பெனியாம். இந்தத் தடவை மிருகம் கேட்பார்களாம், எதைச் சொல்லலாம் மாமா என்கிறான்.

“மரநாய்னு சொல்லுல” என்றேன். “ராத்திரி ஷிப்டுக்கு ரெடி. எம்புட்டு உசரம்னாலும் ஏறும். யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம்.”

“அது கலயத்துல இருக்க பதநியெல்லாம் குடிச்சிட்டுப் போயிரும்லா மாமா?”

“அத அவியளா கேக்குத வரைக்கும் நீ சொல்லாத. மொதல்ல அந்த ஃபேனப் போடு.”