பேச்சு வந்தால் மூச்சு வந்த மாதிரி

ஓட்டத்தை நிறுத்தினால் உடம்பு கொஞ்சமாவது தவணை கொடுக்கும் என்று நினைக்கிறோம். கொடுக்காது. இரண்டே வாரத்தில் ரத்தத்தின் பிளாஸ்மா குறைந்துவிடும். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தமும் குறையும். அதை ஈடுகட்ட இதயம் அடிக்கடி துடிக்கும். மாதக்கணக்கில் சும்மா இருந்தால், தசைக்குள் ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஆட்குறைப்பில் இறங்கிவிடும். பயிற்சி துளியும் விட்டுப்போகாத உறுப்பு வாய் ஒன்றுதான். “ஒரு காலத்துல பத்து கிலோமீட்டர் அசால்ட்டா ஓடுவேன்” என்று எந்தக் கல்யாணப் பந்தியிலும் மூச்சு வாங்காமல் சொல்லும்.

அந்த வாயை நம்பித்தான் பல வருஷம் கழித்து மெரினாவில் இறங்கினேன். உழைப்பாளர் சிலையிலிருந்து தொடக்கம். அங்கே நாலு பேர் 1959-லிருந்து பாறையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. எனக்குக் கண்ணகி சிலைவரைகூடத் தாங்கவில்லை. அம்மன் சிலம்பை ஓங்கி நீதி கேட்பது என்னிடம்தானோ என்று பட்டது. கைக்கடிகாரம் இதயத் துடிப்பு 182 என்று காட்டியது. 220-இல் வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்பார்கள். எனக்கு 45, கழித்தால் 175. ஆக, கணக்குப்படி நான் ஏழு துடிப்பு அத்துமீறிவிட்டேன். அது வெறும் சராசரி, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடலாம் குறையலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் காபி இறங்கியது.

அவர் சொன்ன வைத்தியம் எளிது: ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. ஓடும்போது முழு வாக்கியம் பேச வரவேண்டும். வராவிட்டால் வேகம் அதிகம். பாட்டே வந்தால் வேகம் போதாது.

இந்தப் பரீட்சையில் மெரினா பெரியவர்களை அடிக்க ஆளில்லை. அகவிலைப்படி நிலுவை, மருமகள், மூட்டு வலி என்று கலங்கரை விளக்கம்வரை ஒரு கமாகூட விடாமல் போவார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற ஒருவர் என்னோடு ஒட்டிக்கொண்டார். என் ஓட்டமும் அவர் நடையும் ஒரே வேகம்.

“தம்பி, ஓடறீங்களா, நடக்கறீங்களா?”

“ம்.”

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் என்ன சொன்னாலும் நான் “ம்” போட்டேன். வீட்டில் இப்படியொரு ஆள் கிடைக்கவில்லையே என்று அவர் முகம் மலர்ந்தது.

நல்ல செய்தி, முதலில் ஓடிப்போன பிளாஸ்மாதான் முதலில் திரும்பியும் வரும். கெட்ட செய்தி, தசைநாண்கள் பலப்பட மாதக்கணக்காகும். மூச்சு தேறியதும் பாய்கிறவர்கள் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான். நான் பாயவில்லை. பெரியவர் வேகத்திலேயே ஓடினேன். “ம்” மெல்ல “ஆமாம் சார்” ஆனது, பிறகு “அப்படியா சார்” ஆனது.

ஒருநாள், “இளையராஜாவுக்கு அப்புறம் தமிழ்ல பாட்டு எங்கே தம்பி இருக்கு?” என்றார். ஓடிக்கொண்டே, ‘ரோஜா’வில் தொடங்கி ரஹ்மான் கட்சியை ஆதாரங்களோடு எடுத்து வைத்தேன். ஒரு இடத்திலும் மூச்சு இடறவில்லை. நடுவில் அவர் வாயெடுத்தபோது, “இருங்க சார், முடிச்சுக்கறேன்” என்றும் சொன்னேன்.

பெரியவர் நின்றுவிட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, உங்களுக்கு உடம்பு நல்லாத் தேறிடுச்சு. நாளையிலேர்ந்து நீங்க முன்னாடி ஓடிடுங்க.”