திருந்தி வந்த கிருமியும் திண்ணையில உட்கார்ந்த பேரனும்

வா கண்ணு, வா. செருப்பை அங்கயே கழட்டிப் போடு, அதுக்குப் பக்கத்துலயே திண்ணையில நீயும் உட்காரு. உள்ள வர வேண்டாம். லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு வர்றயே, என்னடான்னு கேட்டா, "இது பழைய கொரோனா இல்ல அப்பச்சி, மாறிமாறித் திருந்திருச்சு, இப்பச் சளி மாதிரித்தான்"ங்கற. என்னமோ நன்னடத்தைக்காக ஜெயில்ல இருந்து முன்கூட்டியே விட்ட ஆளைப் பத்திச் சொல்றாப்புல! யார்கிட்டடா எழுதி வாங்கினே?

நீ கோயமுத்தூர்ல ஏசிக்குள்ள உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டற புள்ளை. நான் எட்டாங்கிளாசு. ஆனா இந்த நெய்க்காரப்பட்டியில நாப்பது வருசம் வெல்ல மண்டியில கணக்கு எழுதினவன். பார்த்து எழுதறவன் எவனும் தப்பில்லாம எழுதினதில்லைங்கறது எனக்குத் தெரியும்.

அந்தக் கிருமிக்குள்ளயும் ஒரு சிட்டைதான் இருக்குதாம், சுமார் 30,000 எழுத்துல. நம்ம உடம்புக்குள்ள நுழைஞ்சதும் அதைப் படியெடுக்கறதுதான் பொழப்பு. நுண்ணுயிரியல் படிக்கறாளே உன் தங்கச்சி, அவ சொன்னா: எழுதினதைத் திரும்பப் பார்த்துத் திருத்தற கணக்கப்பிள்ளையும் இந்தக் கிருமிகிட்டயே உண்டாம், ஃப்ளூவுக்கு அந்த வசதி கிடையாதாம். அப்படியும் மாசத்துக்கு ரெண்டு எழுத்தாவது தப்பி நிக்குது. முக்கால்வாசித் தப்பு ராமசாமிக்குக் கால் போட மறந்த மாதிரி, ஒண்ணும் கெட்டுப்போகாது. சில தப்பு எழுதினவனையே கவுத்துரும். எப்பவாவது ஒருக்கா 30 சிப்பம்ங்கறதை 300 சிப்பம்னு எழுதித் தொலைச்சு, மண்டியே ரெண்டுபட்டுப்போகும். தப்பெழுதறவன் யோசனை பண்ணியா எழுதறான்? "இனிமேல் சாதுவா இருந்துக்குவோம்"னு முடிவெடுக்கக் கிருமிக்கு மூளையும் இல்ல, அறிவுரை சொல்ல உன்னையாட்டம் வாட்சப் குரூப்பும் இல்ல.

சரி, நீ கும்பிடற அந்தச் சாதுக் கிருமி ஒருக்கா நெசமாவே வந்துச்சு தெரியுமா? 2020 ஆரம்பத்துல, சிங்கப்பூர்ல. படியெடுக்கறப்ப 382 எழுத்து ஒரேயடியா உதிர்ந்துபோன ரகம். அந்த ரகம் மட்டும் தொத்தின 29 பேரை வச்சுப் பார்த்தாங்க. ஒருத்தருக்குக்கூட ஆக்சிஜன் வைக்க வேண்டி வரல. எழுத்து உதிராத ரகம் வந்த 92 பேர்ல 26 பேருக்கு வைக்க வேண்டியிருந்துச்சு. அந்த வருசம் ஆகஸ்ட்டுல லான்செட்டுங்கற மருத்துவப் பத்திரிகையிலயே வந்த கணக்கு இது. அப்ப அந்தச் சாதுதானே உலகத்தை ஆண்டிருக்கணும்? மார்ச்சோட ஆளையே காணோம். நோயாளியைத் தேடித்தேடித் தனியா வச்சாங்க, அதோட அடங்கிப்போச்சு. ஊருக்கு நல்லவன் எலக்சன்ல நின்னு டெபாசிட் போன கதை.

அடுத்து வந்தவன் எப்படி? டெல்டா. நம்ம நாட்டுலயே 2020 அக்டோபர்ல முதமுதல்ல தட்டுப்பட்டவன். கிருமி மேல முள்ளு முள்ளா இருக்குதே, ஒவ்வொரு முள்ளும் ஆயிரத்து இருநூத்துச் சொச்சம் மணி கோத்த மாலையாட்டமாம். அதுல 681-ஆவது மணி மாறிப்போச்சு. கூட வேற சில மணியும்தான், ஆனா இந்த ஒண்ணு இருக்குதே, பொல்லாதது. செல்லுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அந்த முள்ளை நம்ம உடம்புல இருக்கற கத்திரி ஒண்ணு நறுக்கித் தரணும். மணி மாறினதும், அரிவாள் படறதுக்கு முன்னாடியே கணு விட்டுக் குடுக்கற கரும்பாட்டம் அது சுளுவா நறுங்க ஆரம்பிச்சுது. செல்லோட செல் ஒட்டிப் பாகு முத்தின கொப்பரை மாதிரி ஆயிப்போச்சு. அதுக்கு முந்தி வந்த ஆல்ஃபாவைவிட இது ஆளை ஆசுபத்திரிக்கு அனுப்பறது சுமார் ரெண்டு மடங்குன்னு இங்கிலாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் கணக்கெடுத்தாங்க.

நமக்கு எதுக்குச் சீமைக் கணக்கு? 2021 மே 21, நம்ம மாநிலத்துல ஒரே நாள்ல 36,184 பேருக்கு. ஒரு நாள் சாவு நானூறைத் தாண்டி நின்ன சமயம். அந்த அலமாரியில மொய் நோட்டு இருக்குது பாரு. வேண்டாம், நீ எந்திரிக்காதே, நானே சொல்றேன். அதோட கடைசிப் பக்கத்துல, கேதத்துக்குப் போக முடியாத வீடுகளைப் பென்சில்ல எழுதி வச்சேன். ஊரடங்கு முடிஞ்சு போய்ப் பார்க்கலாம்னு எண்ணம். அந்த ஒரு மாசத்துல பதினோரு பேர். எல்லாம் ஒறம்பரை, மண்டிப் பழக்கம். அதுல நாலு பேர் என்னைவிடச் சின்னவங்க.

மனுசன் கதையை விடு. வண்டலூர் மிருகக்காட்சிசாலையில நீலான்னு ஒரு பொம்பளைச் சிங்கம், ஒம்பது வயசு, ஜூன் 3 அன்னிக்குச் செத்துப்போச்சு. ரெண்டு வாரம் கழிச்சுப் பன்னெண்டு வயசு ஆண் சிங்கம் ஒண்ணு. மாதிரியைப் போபாலுக்கு அனுப்பி எழுத்தைப் படிச்சா, அதே டெல்டா. சிங்கத்துக்கே மூச்சு முட்டியிருக்குது, நீ ஜிம்முக்குப் போறேன்னு நெஞ்சைத் தூக்கிக் காட்டற.

இப்ப உன் கட்சிக்கு வர்றேன். 2021 நவம்பர்ல ஒமிக்ரான். இந்தப் பேர் வச்ச கூத்தைக் கேட்டிருக்கியா? வரிசையில அடுத்த எழுத்து 'நூ'. அதை வச்சா இங்கிலீசுல 'புதுசு'ங்கற மாதிரி காதுல விழும்னு விட்டுட்டாங்க. அதுக்கடுத்த எழுத்து சீனத்துல நெறையப் பேரோட குடும்பப் பேராட்டம் இருக்குதுன்னு அதையும் தாண்டிட்டாங்க. நம்ம ஊர்ல புள்ளைக்குப் பேர் வைக்கக்கூட இத்தனை பஞ்சாயத்து இல்ல.

ஒமிக்ரானோட முள்ளுல முப்பதுக்கு மேல மணி மாறியிருந்துச்சு. அதுல ஒரு வேடிக்கை. நுரையீரல்ல நெறைய இருக்கற ஒரு கத்திரியை இந்த ஒமிக்ரான் அவ்வளவா நம்பல, வேற வாசல் வழியா நுழைஞ்சுக்கிச்சு. அதனால மேல, மூச்சுக் குழாயில, டெல்டாவைவிட எழுபது மடங்கு வேகமாப் பெருகுது, அடியில நுரையீரல்ல மந்தமாத்தான் பெருகுதுன்னு ஹாங்காங் பல்கலைக்கழகத்துல பார்த்தாங்க. இருமல்ல, தும்மல்ல வெளிய வர்றதுக்கு மேல இருக்கறதுதானே வசதி? 2022 சனவரி 14-இல இருந்து 18 வரைக்கும் கோயில்ல யாரையும் விடல. பழநியில தைப்பூசம், காவடிக் கூட்டம் இல்லாம நடந்துச்சு. சனவரி 22 அன்னிக்கு நம்ம மாநிலத்துல 30,744 பேருக்கு. மே மாசத்துக்குப் பக்கத்துல வந்த எண்ணிக்கைதான், சாவு மட்டும் நாளைக்கு நூறைக்கூட எட்டல.

"பார்த்தயா அப்பச்சி!"ன்னு சிரிக்கற. சிரி. உன் கைக்கு ரெண்டு ஊசி போட்டிருந்துச்சே, அதை எந்தக் கணக்குல எழுதுவே? அந்தக் கைமாத்தைக் கிருமியோட நல்ல குணத்துல வரவு வச்சா நான் ஒத்துக்க மாட்டேன். ஹாங்காங்ல அதே வருசம் இதே ஒமிக்ரான்தான். வயசானவங்க நெறையப் பேர் ஊசி போட்டுக்காம இருந்தாங்க. சில மாசத்துல ஏழாயிரம் பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க. கிருமி ஒண்ணு, கணக்கு ரெண்டு.

இருக்க இருக்கக் கிருமி சாதுவாயிரும்ங்கறதை எவன் கிளப்பிவிட்டானோ, அவன் மாட்டுத் தரகனைப் பார்த்ததே இல்ல. இந்த நோய் வந்த ரெண்டு மூணு நாள்லயே அடுத்தவனுக்குத் தாவிருது. மூச்சு முட்டறதெல்லாம் ஒரு வாரம் கழிச்சு. துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசி, தரகைக் கையில வாங்கிட்டுப் போனப்புறம் மாடு படுத்தா என்ன, எந்திரிச்சா என்ன, தரகனுக்கு? பரவத் தோதான எழுத்துப் பிழை நிக்கும். அந்தப் பிழை கூடவே கொடுமையையும் கூட்டிக்கிட்டு வந்தா டெல்டா, கொறைச்சுக்கிட்டு வந்தா ஒமிக்ரான். அடுத்தது எதுன்னு எனக்கும் தெரியாது, உன் குரூப்புக்கும் தெரியாது.

இன்னொண்ணும் கேக்கறேன். உனக்கு வந்திருக்கறது கொரோனாவா, வெறும் சளியான்னே நீ சோதிச்சுப் பார்க்கல. அதுக்குள்ள எந்த ரகம்னு சாதகம் சொல்றயே? மூக்குல குச்சி விட்டா இருக்குதா இல்லையான்னுதான் தெரியும். ரகம் தெரியணும்னா எழுத்து எழுத்தாப் படிக்கணும். முந்தியெல்லாம் அதுக்குப் பெங்களூருக்கு அனுப்பிட்டுக் காத்துக்கிடந்தாங்க. சென்னையில தேனாம்பேட்டையில நம்ம மாநிலமே சொந்தமா ஆய்வகம் தொறந்தது 2021 செப்டம்பர்ல. நீ பஸ்ஸுல வர்ற வழியிலயே படிச்சு முடிச்சுட்ட, கெட்டிக்காரன்தான்.

மூஞ்சியைத் தூக்காதே. வெல்லம் போட்டுச் சுக்குத்தண்ணி வச்சிருக்கறா உங்கம்மாயி. நானே கொண்டாந்து தர்றேன், அவளைக் கூப்பிடாதே. அவளுக்கு எழுபத்தி மூணு வயசு, பதினெட்டு வருசமாச் சர்க்கரை, போன வருசம்தான் நெஞ்சு வலின்னு நாலு நாள் படுத்து எந்திரிச்சா. ராத்திரிக்குத் திண்ணையிலயே பாய் போட்டுத் தர்றேன், கொசு கடிக்கும், பொறுத்துக்க. காலையில முதல் வேலையா ஆசுபத்திரிக்குப் போய் மூக்கைக் காட்டிட்டு வா. அது வரைக்கும் அவகிட்டப் பேசணும்னா இங்க இருந்தே சத்தமாப் பேசு, அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்.