கிரகணம் பார்க்கக் கிளம்பும் புசல்லாவைக்காரர் கவனத்துக்கு

முழுச் சூரிய கிரகணத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் புசல்லாவைக்காரர் முதலில் செய்ய வேண்டியது, வேறு ஊரில் பிறப்பது. அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

நம்முடைய ஊர் கம்பளையிலிருந்து நுவரெலியா ஏறும் பாதையில், மலையின் மேற்குச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து முட்டுவது இந்தச் சரிவுகளில்தான். முட்டிய காற்று மேலே ஏறும், ஏறக் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். கொட்டித் தீர்த்த வெறுங்காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்த கச்சானாகிவிடும். நம் வீட்டுப் பெண்கள் படங்கு கட்டிக்கொண்டு நனைந்த கொழுந்து பறிக்கிற அதே நாளில், பதுளைச் சித்தப்பா மிளகாய் காயப்போட்டிருப்பது இதனால்தான். 1841இல் மொரிஸ் டி வேர்ம்ஸ் சீனத்துத் தேயிலைக் கன்றை இங்கே ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். மழையும் மூட்டமும் தேயிலைக்கு எவ்வளவு நல்லதோ, வானம் பார்க்கிறவனுக்கு அவ்வளவு கெட்டது. ஆக, உள்ளூரில் நின்று பார்க்கும் யோசனையை இந்தப் பந்தியோடு கைவிடுங்கள்.

"இன்னும் மேலே ஏறினால் மேகத்தைத் தாண்டிவிடலாமே" என்று ஒருவர் சொல்வார். எல்லா லயத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பிதுருதலாகலை 2,524 மீற்றர். அதன் உச்சியில் மேகம் நமக்கு முன்னே போய் இடம் பிடித்திருக்கும். வழியில் ரம்பொடையில் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். இந்தத் துறையில் நமக்கெல்லாம் முன்னோடி அவர்தான். குழந்தையாக இருந்தபோது சூரியனைப் பழம் என்று நினைத்துப் பிடிக்கப் பாய்ந்தார். அன்றைக்குச் சூரியனைப் பிடிக்கும் முறை ராகுவுடையது. தன் வேலையில் வேறொருவர் கைவைக்கிறாரே என்று ராகு போய் இந்திரனிடம் முறையிட, வச்சிராயுதம் வந்து தாடையில் இறங்கியது. முன்னேற்பாடில்லாமல் கிரகணத்துக்குப் போவது அந்தக் காலத்திலேயே ஆபத்தாகத்தான் இருந்திருக்கிறது.

கிரகணம் எப்போது என்ற கவலை வேண்டாம். 2034 மார்ச் 20ஆம் திகதி கார்கில் பக்கம் முழுக் கிரகணம். எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை விநாடி என்பது வரைக்கும் கணக்கு இப்போதே தயார். அன்று காலை கம்பளைக்கு முதல் பஸ் எத்தனைக்கு வரும் என்றுதான் ஒருவராலும் சொல்ல முடியாது.

அடுத்தது வானிலை அறிக்கை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை வாசிக்கப் பழகுங்கள். மத்திய மாகாணத்தின் சில இடங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும் என்று வரும். இதைவிட நேர்மையான வாக்கியம் எந்த அரச அறிக்கையிலும் கிடையாது. மலைக்கு மலை மழை மாறும் நாட்டில் ஒருவர் அதற்கு மேல் என்னதான் சொல்வது? அந்தச் 'சில இடங்கள்' எவை என்று நமக்குத் தெரியும்: நம் கொடியில் துணி காய்கிற இடங்கள். போனில் பார்த்தாலோ அரைச் சூரியன், அதன் முன்னால் ஒரு மேகம், கீழே இரண்டு துளி என்று ஒரு படம் வரும். என்ன நடந்தாலும் அந்தப் படம் பொய்யாகாது.

மழை வாய்ப்பு பத்து வீதம் என்று கண்டதும் வேன்காரருக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். அது மழைக்கான கணக்கு. கிரகணத்தைக் கெடுக்க மழையே தேவையில்லை. ஒரு சொட்டும் விடாமல் நாள் முழுக்க மூடிக்கொண்டு நிற்கும் மேகம் போதும். கனடாவில் ஜே அண்டர்சன் என்றொரு வானிலையாளர், பல வருடச் செய்மதிப் பதிவுகளைக் கூட்டிக் கழித்து, இன்ன மாதத்தில் இன்ன இடத்தில் வானம் எவ்வளவு மூடியிருக்கும் என்று கிரகணத்துக்குக் கிரகணம் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். உலகம் முழுக்க ஆட்கள் அதைப் பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறார்கள். ஆனால் அது சராசரி. எந்த ஊருக்குப் போகலாம் என்று சொல்லும். அந்த ஊரில் அன்று காலை என்ன நடக்கும் என்று சொல்லாது. அதற்கு முதல்நாள் இரவுச் செய்மதிப் படமும், எந்தப் பக்கமும் ஓடத் தயாரான ஒரு சாரதியும் வேண்டும். சாரதி அமைவது கடினம். செய்மதி எப்போதும் மேலே இருக்கிறது.

படித்தவர்கள் தெரிவு செய்த இடத்துக்கே போவோம் என்றும் இருந்துவிடாதீர்கள். பிரான்சின் வானியலாளர் ஜான்சன், 1870 டிசம்பரில் பாரிஸ் நகரம் முற்றுகையில் கிடந்தபோது, கிரகணத்துக்காக பலூனில் ஏறித் தப்பி அல்ஜீரியாவின் ஓரான் வரைக்கும் போனார். அங்கே மேகம். மனுஷன் சளைக்கவில்லை. அடுத்த வருடம் டிசம்பர் 12ஆம் திகதிக்கு நீலகிரியில் சோலூருக்கு வந்து சேர்ந்தார். வானம் கண்ணாடி போல இருந்தது. அதே கிரகணத்துக்கு ஆங்கிலேயக் குழுவினர் சிலர் நம்முடைய யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் வந்திருந்தார்கள்.

1955 ஜூன் 20 இன்னும் பாடமானது. நம் நாட்டுக்கு வந்த கடைசி முழுக் கிரகணம் அது. பருவமழைக் காலம் என்பதால் வெளிநாட்டு விஞ்ஞானிகள் மலைநாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல், பொலன்னறுவைக்குப் பக்கத்தில் ஹிங்குராக்கொடை போன்ற உலர் வலயத்து ஊர்களில் முகாம் போட்டார்கள். கணக்கு சரி, இடம் சரி. பெரும்பாலானோருக்கு மேகம்தான் மிச்சம். அந்தக் கிரகணத்தில் நம் மக்கள் ஞாபகம் வைத்திருப்பது சூரியனை அல்ல, வசம்பை. கிரகண வேளையில் வசம்புச் சாறு குடித்தால் மேனி சிவக்கும் என்று ஒரு கதை கிளம்பி, அதை நம்பிக் குடித்த பெண்கள் ஏராளமாக ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார்கள். சிங்களத்தில் 'வத கஹ சுதிய' என்று சொன்னால் இன்றைக்கும் வயதானவர்கள் சிரிப்பார்கள்.

2009 ஜூலை 22இல் பீகாரில் தரேக்னா என்ற சிற்றூர்தான் பார்ப்பதற்குத் தோதான இடம் என்று பேர் வாங்கியது. ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. அங்கே இருள் வந்தது, சூரியன் வரவில்லை. மேற்கே காசியில் கங்கைக் கரையில் குளிக்க நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள்.

ஆக, என் யோசனை இதுதான்: எங்கே வானம் வெளுத்திருக்கும் என்று தேடாதீர்கள். எங்கே உங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார் என்று தேடுங்கள். மேகம் வந்தாலும் சோறு கிடைக்கும்.

2019 டிசம்பர் 26இல் வளையக் கிரகணம் வடக்கே போனபோது நான் இதைத்தான் செய்தேன். நிலா பூமியிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும் நாட்களில் சூரியனை முழுதாக மூட அதற்கு அளவு போதாது. ஓரம் வளையமாக மிஞ்சும். முழுக் கிரகணம் கிடைக்காத நாட்டில் அதுதான் நமக்கு வாய்த்தது. 77 இனக்கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்கள் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. அவர் கிளிநொச்சியில். பாதை நேரே கிளிநொச்சி மேல். இதற்கு மேல் ஜாதகம் பொருந்துமா?

வீட்டில் அனுமதி வாங்கும்போது கிரகணம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்தால் அன்று பயணம் ஆகாது, சமைத்த சோற்றில் தர்ப்பை போட வேண்டும், பிள்ளைத்தாய்ச்சியான தங்கச்சி வெளியே வரக்கூடாது என்று பட்டியல் நீளும். "பெரியம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்று சொல்லுங்கள். நான் சொன்னேன். இரண்டு பேர் போக வேண்டிய பயணம் பதினோரு பேராகி, வேனாகி, பெரியம்மாவுக்கு இரண்டு கிலோ தேயிலைத்தூளும் ஒரு உரைப்பை கரட்டும் ஏறி, கண்டி தாண்டவே இரவு பதினொன்றாகிவிட்டது. கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி நேரே யாழ்ப்பாணத்தில் போய் முடிகிறது. வழி தவற வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு இறங்கினால் அத்தை மரக்கறி விலை விசாரிக்கப் போய்விடுவார்.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். எக்ஸ்ரே படம், கரி பிடித்த கண்ணாடி, மூன்று கூலிங் கிளாஸ் ஒன்றின் மேல் ஒன்று, எல்லாம் வேண்டாம். விழித்திரை வலிக்காமலே வெந்து போகும். ஐஎஸ்ஓ 12312-2 என்று தரம் போட்ட கிரகணக் கண்ணாடிதான் வேண்டும். முழுக் கிரகணத்தில் சூரியன் முற்றாக மூடிய அந்தச் சில நிமிடம் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். வளையக் கிரகணத்தில் ஒரு விநாடிகூடக் கூடாது. பதினோரு பேருக்கு எங்களிடம் இருந்தது ஒரு கண்ணாடி. இதை நான் பரிந்துரைக்கவில்லை.

விடிந்தபோது கிளிநொச்சி வானம் புசல்லாவை வானம் போல இருந்தது. மார்கழி, வடகீழ்ப் பருவக்காற்று, வன்னியில் மழைக்காலம். இதை யோசிக்க வேண்டியவன் நான்தான். அம்மா என்னைப் பார்த்தார். அதற்குள் உண்மை வெளியே வந்திருந்தது.

"மேகந்தானே தம்பி, வந்து போகும்" என்றார் பெரியம்மா. எட்டரைக்கு மேல் அங்கங்கே கிழியத் தொடங்கியது. சூரியன் மறைய மறையத் தரை குளிரும், தரைச் சூட்டில் எழும்பும் பஞ்சுமேகம் கரையும் என்று நான் விளக்கினேன். இரவு முழுக்க ஆஞ்சநேயரைக் கும்பிட்டதால்தான் என்று அத்தை விளக்கினார். இரண்டையும் பெரியம்மா கேட்டுக்கொண்டார்.

கண்ணாடி கைமாறிக் கைமாறிச் சண்டையானபோது அவர் குசினிக்குள் போய் மா அரிக்கும் அரிதட்டைக் கொண்டுவந்து முற்றத்தில் பிடித்தார். மணலில் நூறு நூறாகப் பிறைகள் விழுந்தன. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சூரியனை இறக்கியது. 9.25க்குச் சுனாமியில் போனவர்களுக்காக நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம். அன்றோடு பதினைந்து வருடம். பெரியம்மா அரிதட்டைக் கீழே வைத்துவிட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு மறுபடி எடுத்துப் பிடித்தார். சில நிமிடத்தில் பிறைகளின் நுனிகள் ஒன்றோடொன்று தொட்டன. மணல் முழுக்க வளையல். வெயில் இருந்தது, சூடு இல்லை. சின்னவள் குந்தி இருந்து ஒன்றைப் பொறுக்கப் பார்த்தாள். அது அவள் புறங்கையில் ஏறிக்கொண்டது. மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தது கண்ணாடி வைத்திருந்த மச்சான் மட்டும்தான்.

அடுத்த வளையம் 2031 மே 21, நாட்டின் வடமுனையைத் தொட்டுக்கொண்டு போகிறது. வேன் இப்போதே சொல்லி வைக்கலாம்.

முழுக் கிரகணம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு 2027 ஓகஸ்ட் 2 இருக்கிறது. எகிப்தின் லக்சோரில் ஆறு நிமிடத்துக்கு மேல் இருட்டு. அந்த மாதத்தில் அங்கே மேகம் அபூர்வம், ஹோட்டல் விலையும் அதற்கேற்ற மாதிரி. அதே நிழல் செங்கடலைத் தாண்டி ஜெத்தாவுக்கும் போகிறது. அங்கே வீட்டு வேலைக்குப் போயிருக்கும் சித்தி மகளுக்குப் போன் போட்டேன். உலகமே காசைக் கொட்டி வரப்போகும் காட்சி உன் தலைக்கு மேலேயே நடக்கப் போகிறது, மதியம் ஒன்றரை மணியளவில், ஆறு நிமிடம் போல, லீவு கேட்டு வை என்றேன்.

"அன்னைக்குத் திங்கக்கிழமைண்ணே" என்றாள். "மாடியில துணி காயப்போடுற நேரந்தான். தனியா லீவு எதுக்கு?"

"மேகம் எப்படி அங்க?"

"மேகமா? அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. அங்க இப்ப மழையா?"

கொட்டிக்கொண்டிருந்தது. போனை ஜன்னலுக்கு வெளியே பிடித்தேன்.