பேய் நகரத்துக்கு ஒரு குடும்பச் சுற்றுலா

காரில் ஏழு பேர், டிக்கியில் ஒரு தூக்கு புளியோதரை. ராமநாதபுரம் தாண்டியதும் மைத்துனர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து ஆரம்பித்துவிட்டார்: "வணக்கம் மக்களே! இன்னைக்கு நாம பார்க்கப்போறது மர்மமான பேய் நகரம் தனுஷ்கோடி!"

பாம்பன் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் எடுப்பது தமிழனின் பிறப்புரிமை. பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் அது உள்ளே படுத்திருப்பவரின் தலையெழுத்து.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை அலை வாரிக்கொண்டு போனது. உள்ளே நூறு பேருக்கு மேல். ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஊரில் செத்தவர்கள் கணக்கு தனி. அதுவரை தனுஷ்கோடி பேய் நகரமில்லை, துறைமுகம். போட் மெயில் ரயிலில் வந்து இறங்கியவர்கள் இங்கேதான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். புயலுக்குப் பிறகு, குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதோடு அதன் கடமை முடிந்தது. மீனவர்கள் மட்டும் அந்த அறிவிப்பைச் சட்டை செய்யாமல் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். காய்ச்சல்காரரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் மணலில் சுமந்த அரை நூற்றாண்டும் வராத தார்ச்சாலை 2017-இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை வந்தது. நாம் வர வேண்டுமே!

பவளக்கல்லில் கட்டிய தேவாலயம் மொட்டைச் சுவர்களாக நிற்கிறது. உப்புக்காற்று அரித்தது போக மிச்சத்தைக் கார்ச் சாவியால் அரித்து அம்பும் இதயமும் வரைந்திருக்கிறார்கள். பலிபீடம் இருந்த பக்கம் ஒரு கல்யாண ஜோடியின் போட்டோ ஷூட். "இங்க வெளிச்சம் சூப்பரா விழும் சார்" என்றார் போட்டோக்காரர். விழாமலென்ன? கூரை விழுந்துவிட்டதே.

கேட்கிறேன்: 2015 வெள்ளத்தில் அடையாறு புகுந்த சென்னை வீடுகளை இதேபோல் யாராவது சுற்றிக் காட்டட்டுமா? "மக்களே, இந்த வீட்லதான் மாடி வரைக்கும் தண்ணி வந்துச்சு, அதோ பாட்டியோட கட்டில்!" என்று ஒருவன் உங்கள் கூடத்தில் ட்ரோன் விட்டால் செருப்பைக் கழற்ற மாட்டீர்களா? இங்கே செத்தவர்கள் யாரோ, ஆனது அறுபது ஆண்டு. அதனால் அது சுற்றுலா.

சர்ச்சுக்கு வெளியே ஓர் அம்மா தார்ப்பாய்க்கடியில் சங்கும் பாசிமாலையும் பரப்பியிருந்தார். அவரிடம் பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைத்துவிட்ட வெற்றிக்களிப்பில் மைத்துனர் கேமராவை நீட்டினார்: "ஏம்மா, இங்க நெசமாவே பேய் நடமாட்டம் இருக்கா?"

"இருக்கு தம்பி. காலையில காரு காரா வரும். சாயங்காலமானா போலீஸ்காரவுக வெரட்டுவாக. குப்பைய மட்டும் எங்களுக்கு விட்டுட்டுப் போயிரும்."

அந்தத் துண்டை வீடியோவில் வெட்டிவிடுவாராம். 'ஃப்ளோ' கெடுகிறதாம்.

அரிச்சல்முனையில் கைப்பேசி 'இலங்கைக்கு நல்வரவு' என்று குறுஞ்செய்தி அனுப்பியது. ஏழு பேரும் கைதட்டினோம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடல் எல்லைக் கோட்டைப் படகில் தாண்டிப் பிடிபடுகிற மீனவருக்குக் குறுஞ்செய்தி வராது, ரோந்துக் கப்பல் வரும். படகு போகும், ஆள் சிறைக்குப் போவார், வீட்டுக்காரி கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு நடப்பாள். அதை வைத்து யாரும் 'ரீல்' போடுவதில்லை. வெளிச்சம் சரியாக விழாது போலிருக்கிறது.

திரும்பும்போது அக்காள் மகன் மடியில் உள்ளங்கையளவு வெள்ளைக் கல், துளைத்துளையாக.

"சர்ச்சுல பேத்து எடுத்தேன் மாமா. ஞாபகத்துக்கு."

வண்டியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும்தான். பாலம் தாண்டிய பிறகு புளியோதரைத் தட்டுகளை யார் எடுத்து வைத்தது என்று அக்காள் கேட்டாள். ஏழும் அங்கே மணலில் கிடக்கின்றன.