‘கண்டி’ எத்தனை எழுத்து?

கே: உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவள் நான். கோடிங் எனக்கு வருமா? (கட்டுகஸ்தோட்டை வாசகி)

வரும். வெண்பாவில் ஓர் அசை பிசகினால் தளை தட்டும். நிரலில் ஓர் அடைப்புக்குறி பிசகினால் பக்கமே வெள்ளையாக நிற்கும். தட்டிய இடத்தை விடாமல் தேடும் பொறுமைதான் இரண்டுக்கும் முதல். தமிழ் இலக்கணம் படித்த உங்களுக்கு அது ஏற்கெனவே பழகியிருக்கும்.

கே: ‘கண்டி’ மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் ஐந்து என்கிறதே, யார் சொல்வது சரி? (பேராதனை மாணவர்)

இருவரும் சரி. நாம் எழுத்தை எண்ணுகிறோம், அது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது: க, ண, புள்ளி, ட, இகரக் கொக்கி. உங்கள் பேராதனை நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஏழு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஆகவே கண்டிக்கு 15 பைட் இடம் வேண்டும்.

இதைப் பொழுதுபோக்குக் கணக்கு என்று தள்ளிவிடாதீர்கள். தலைப்பு நீளமாக இருக்கிறதென்று நான்கு குறியோடு வெட்டிப் பாருங்கள், ‘கண்ட’ என்று நிற்கும். ஊர்ப்பெயர் பெயரெச்சமாகிவிடும்! தமிழ்த் தளங்களில் புள்ளி இழந்த தலைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. எழுத்தாகப் பிரித்துத் தர இன்டல்.செக்மென்டர் என்ற கருவி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. அதைக் கொண்டு வெட்டுங்கள்.

கே: உங்களுக்கு மறக்க முடியாத பிழை? (குண்டசாலை வாசகர்)

பெரஹரா காலம். கண்டியில் ஒரு விருந்தினர் விடுதிக்குத் தளம் செய்து கொடுத்திருந்தேன். பக்கம் அழகாகத் திறந்தது, அறைப்படங்கள் வந்தன, ஓர் அழைப்பு மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் விடுதிக்கார அம்மா தன் கைபேசியை நீட்டி, “தம்பி, எங்கட நம்பரில ஒரு சைபர் குறையுதே” என்றார். தொலைபேசி எண்ணை எண் வகைக் களத்தில் சேமித்திருந்தேன். 081இன் முதல் பூச்சியத்துக்குக் கணக்கில் மதிப்பில்லையென்று தரவுத்தளம் அதை விழுங்கிவிட்டது. அந்த அம்மாவுக்கு வருடத்தில் உழைக்கக் கிடைப்பதே அந்தச் சில நாட்கள்தான். கூட்டிக் கழிக்காத எதையும் அன்றிலிருந்து நான் எண்ணாக வைப்பதில்லை.

கே: அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த நாளை எடுக்கிறேன். பலருக்கு ஒரு நாள் பிந்துகிறது. ஏன்? (கம்பளை வாசகர்)

சோதித்தது உங்கள் அட்டையை வைத்து மட்டும்தானே? நீங்கள் பிறந்தது நெட்டாண்டில், அல்லது ஜனவரி, பெப்ரவரியில் என்று ஊகிக்கிறேன். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். இரண்டிலும் ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கம் பிறந்த நாளின் வரிசை எண். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தே அந்த வரிசை ஓடுகிறது. மார்ச் 1 எப்போதும் 061. சாதாரண ஆண்டின் நாட்காட்டியில் 61ஆம் நாளைத் தேடினால் மார்ச் 2 வரும். உங்கள் ஒரு நாள் அங்கேதான் இருக்கிறது.

கே: 2005ஆம் ஆண்டுப் பதிவுகளில் நேரம் அரை மணி பிசகுகிறதே? (மாத்தளை வாசகி)

உங்கள் தரவு பிழையில்லை, அன்று நாட்டின் கடிகாரமே வேறு. 1996 மே மாதம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அதே ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடுதான் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முந்திய பழைய கணக்குக்குத் திரும்பினோம். ஐந்தரையைக் கையால் கூட்டாதீர்கள். ‘ஏசியா/கொழும்பு’ என்று நேரவலயத்தின் பெயரைக் கொடுங்கள், இந்த வரலாறு முழுவதும் அதற்குள் இருக்கிறது.

கே: நம் நாட்டவர் எழுதி உலகம் எடுத்துக்கொண்ட நிரல் உண்டா? (அக்குறணை மாணவர்)

சஹானா. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிய இங்குள்ள தன்னார்வலர்கள் பிஎச்பியில் எழுதியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. மூலநிரல் திறந்தே இருக்கிறது, எடுத்து வாசியுங்கள்.

கே: படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ கட்டாயமா? (ஹட்டன் வாசகி)

வேண்டவே வேண்டாம். தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை, அப்பாவின் பெயரை முதலெழுத்தாகப் போட்டுத் தன் பெயரை எழுதுகிறாள். அவ்வளவுதான் அவள் பெயர். உங்கள் சிவப்பு நட்சத்திரம் விடாப்பிடியாக நிற்க, அவள் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிறாள். சான்றிதழில் ஒன்று, விண்ணப்பத்தில் வேறொன்று. பிறகு அதைத் திருத்த அலைபவள் அவள்தான். ‘முழுப் பெயர்’ என்று ஒரே பெட்டி வையுங்கள். இன்றைக்கே மாற்றிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.