பெயரைப் பாதியில் நிறுத்தும் லைலோ

கேள்வி: அப்பாவின் பழைய கணினியில், அவர் பத்திரமாக வைத்திருந்த 1990களின் லினக்ஸ் சிடியைப் போட்டு நிறுவினேன். திரையில் ‘எல்ஐ’ என்று வந்து அப்படியே நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?
– ஒரு வாசகர், வைட்ஃபீல்ட்

பதில்: போகவில்லை, தூக்கி எறிந்துவிடாதீர்கள்! லினக்ஸை எழுப்பும் பூட் லோடரான லைலோ (LILO), தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லித்தான் எழும். எந்த எழுத்தில் திக்குகிறதோ அங்கேதான் கோளாறு. ‘எல்’ வந்தால் முதல் கட்டம் சரி. ‘ஐ’யோடு நின்றால், இரண்டாம் கட்டம் ஏறியும் ஓடவில்லை. பெரும்பாலும் டிஸ்கின் அளவுக் கணக்கில் பயாஸ் ஒன்று சொல்ல, லைலோ வேறொன்று நினைத்திருக்கும். மீட்பு ஃப்ளாப்பியில் பூட் செய்து, லைலோ.கான்ஃப் கோப்பில் ‘லீனியர்’ வரியைச் சேர்த்து, லைலோவை மறுபடி ஓட்டுங்கள். ஓட்ட மறந்தால் திருத்தியது செல்லாது. பழைய லைலோவுக்கு 1,024ஆவது சிலிண்டரைத் தாண்டிப் படிக்கத் தெரியாது. பூட் பார்ட்டிஷனை டிஸ்கின் தொடக்கத்திலேயே வையுங்கள்.

அந்த சிடி பிசிக்வெஸ்ட் இதழோடு வந்ததா? டயல்அப் காலத்தில் நம்மூர்க்காரர் பலருக்கு லினக்ஸைக் கையில் கொடுத்தவை அந்த இதழின் சிடிகள்தாம். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், பழைய கட்டளைகள் அவருக்குத்தான் நினைவிருக்கும்!