பெரிய வண்டிக்குப் பயப்படலாமா?

கேள்வி: இத்தனை வருஷமாக 100 சிசி வண்டிதான் ஓட்டுகிறேன். இப்போது இன்டர்செப்டர் 650 வாங்கப் போகிறேன். அதன் வேகத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. பழகிவிடுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பழகிவிடும். ஆனால் பயத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள். வேகம் நீங்கள் முறுக்கினால்தான் வரும். எடை கேட்காமலே வரும். உங்கள் பழைய வண்டி சுமார் 110 கிலோ, இது 200 கிலோவைத் தாண்டும். நெடுஞ்சாலையில் அது தெரியவே தெரியாது. பெட்ரோல் பங்க் வாசலில் யூ டர்ன் அடிக்கும்போது தெரியும். ஹேண்டில்பாரை ஒடித்த நிலையில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி அப்படியே சாயும். அங்கே அரை கிளட்ச், லேசாகப் பின் பிரேக், போக வேண்டிய திசையில் பார்வை. இதைக் காலி மைதானத்தில் அலுக்கும்வரை பழகுங்கள்.

அடுத்து, நிறுத்துவது. 8 குதிரைசக்திக்குப் பழகிய கையில் 47 கிடைத்தால், உணராமலே நூறைத் தொட்டுவிடுவீர்கள். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். தூரத்தைக் கடன் தராது.

பிரிட்டனில் 19 வயதுக்காரருக்கு 35 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பைக் ஓட்ட உரிமம் கிடையாது. இங்கே 100 சிசிக்கு வாங்கிய லைசென்ஸே 650க்கும் செல்லும். எனக்கு உடன்பாடில்லாத சலுகை இது. சட்டம் வைக்காத தேர்வை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். ஹெல்மெட் பட்டையை மாட்டாமல் கிளம்பாதீர்கள்.